கல்லூரி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்

காலை வகுப்பு பதினொன்றரை மணிக்கு முடிந்துவிடுகிறது. மாதுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்துவிடலாம். ஆனால் பிள்ளை வீடு வந்து சேரும்போது இரவு மணி எட்டு. இடையில் இருந்த எட்டரை மணி நேரம் எங்கே போயிற்று? மும்பையில் கல்லூரிப் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்களில் அன்றாடம் நடக்கும் வழக்கு இதுதான். தகப்பனார் நீதிபதி. தாயார் இரு தரப்புக்கும் வக்கீல். சாட்சி சொல்லத் தம்பியும் தங்கையும் தயாராக இருக்கிறார்கள்.

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பிள்ளை சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “எக்ஸ்ட்ரா கிளாஸ்.”

உண்மையில் அது வகுப்பாக இருப்பதில்லை. தெரு நாடக ஒத்திகையாக இருக்கும். நாட்டு நலப் பணித் திட்டத்தின் கூட்டமாக இருக்கும். கல்லூரி விழாவுக்கு விளம்பரம் பிடிக்கக் கடை கடையாக ஏறி இறங்கியதாக இருக்கும். இவற்றில் எதுவும் வெட்கப்படும்படியான காரியம் அல்ல. இருந்தும் வீட்டில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் “படிக்கப் போனாயா, கூத்தாடப் போனாயா?” என்ற கேள்வி வரும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஊரில் இந்தத் தகராறு அவ்வளவாக இல்லை. பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ விடுதியில் சேர்த்துவிட்டால், பிள்ளை என்ன செய்கிறான் என்பது விடுதிக் காப்பாளர் கவலை. வீட்டுக்கு வரும்போது அவன் விருந்தாளி. மும்பையில் அப்படி அல்ல. இங்கே நம்மவர் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். பாதி நாள் மாணவன், பாதி நாள் வீட்டு ஆள். கல்லூரி கேட்பதும் முழு ஆளைத்தான். வீடு கேட்பதும் முழு ஆளைத்தான்.

இட்லி அடுப்பும் ஏழு மணி வகுப்பும்

தாராவியில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடு ஒன்றிரண்டு அல்ல. பத்தடிக்குப் பதினைந்தடி அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தொழில் இட்லி வியாபாரம். மாலையில் மாவு அரைபட்டு இரவெல்லாம் புளிக்கும். விடிய வெகு நேரம் முன்பே அடுப்பு மூட்டியாக வேண்டும். ஆறு மணிக்குள் ஆண்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஹாரன் அடித்தபடி கிளம்பிவிடுவார்கள். அதற்குள் சட்னி அரைத்தாக வேண்டும். பொட்டலம் கட்டியாக வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரமும் அதுவே.

மூத்த மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. வணிகவியல் வகுப்புகள் பல கல்லூரிகளில் காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகின்றன. கையில் சட்னி வாடையோடு ஓடுகிறாள். முதல் பீரியடில் தூக்கம் வருகிறது. இந்த நிலையில் அவள் நாடகக் குழுவிலும் சேர்ந்திருக்கிறாள் என்றால் தாயாருக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. “ஏட்டி, இருக்கிற பாடு போதாதா உனக்கு?” என்று கேட்பாள். கேள்வியில் நியாயம் உண்டு. மகள் இல்லாத ஒரு மாலை என்றால் உளுந்து கழுவும் இரண்டு கைகள் குறைகின்றன.

வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆச்சி இருக்கிறாள். வேலை தேடி வந்த சித்தப்பா மகன் மாடியில் படுத்துக்கொள்கிறான். மதினிக்குப் பேறுகாலம். ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த பெரியப்பா சயான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார். அவருக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. கூடப் போய் வரிசையில் நின்று டாக்டரிடம் பேசுவது யார்? படித்த பிள்ளைதான்! வங்கியில் படிவம் நிரப்புவதும் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதும் மின்சாரக் கட்டணத்தைப் போனில் கட்டுவதும் அதே பிள்ளைதான். பட்டம் வாங்குவதற்கு முன்பே வீட்டுக்குக் குமாஸ்தா ஆகிவிடுகிறார்கள் இந்தப் பிள்ளைகள்.

டோம்பிவிலி, முலுண்டு பக்கத்து அலுவலகக் குடும்பங்களில் கூட்டம் சற்றுக் குறைவு. ஆனால் தூரம் அதிகம். டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதிக் கல்லூரிக்குப் போய் வர லோக்கல் ரயிலிலேயே இரண்டரை மணி நேரம் கரைந்துவிடும். ஒத்திகை முடிந்து ஆறரை மணிக்கு நிலையத்துக்கு வந்தால் ஏற முடியாத கூட்டம். எட்டு மணிக்கு மேல் வரலாம் என்று காத்திருந்தால் வீட்டில் போன் மேல் போன்.

என்னதான் செய்கிறார்கள் அங்கே?

நாட்டு நலப் பணித் திட்டம் என்பதை நம் பெற்றோர்களில் பலர் ஏதோ தெருப் பெருக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றும் உண்டு. இரத்த தானம், எழுத்தறிவு, மரம் நடுதல், கிராமத்தில் தடுப்பணை கட்டுதல் என்று கல்லூரிக்குக் கல்லூரி வேலை மாறும். இதில் முழுமையாக ஈடுபட்டவர்களுக்கு, தேசிய மாணவர் படையில் இருப்பவர்களுக்கு, விளையாட்டு வீரர்களுக்குப் பத்துச் சலுகை மதிப்பெண் தரும் விதி மும்பைப் பல்கலைக்கழகத்தில் நெடுநாளாக உண்டு. இரண்டு மதிப்பெண்ணில் தவறிப்போன பிள்ளையின் வீட்டாரைக் கேட்டால் பத்து மதிப்பெண்ணின் அருமை தெரியும்.

இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. புதிய கல்விக் கொள்கையின்படி அமைந்த பாடத்திட்டம் மும்பைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 2024-25 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது. நாட்டு நலப் பணி, மாணவர் படை, விளையாட்டு, கலை ஆகியவை அதில் துணைப் பாடங்களாக இடம்பெற்று, பட்டத்துக்கு வேண்டிய கணக்கிலேயே சேர்கின்றன. சமூகப் பணிக்கும் தொழில் பயிற்சிக்கும் தனிக் கணக்கு உண்டு. ஆக, “பாடத்தைப் படி, மற்றதெல்லாம் எதற்கு?” என்று தகப்பனார் கேட்டால், மற்றதில் ஒரு பகுதியும் பாடம்தான் என்பதே பதில். இந்தச் செய்தி பல வீடுகளுக்கு வந்து சேரவில்லை. பிள்ளைகளும் சொல்வதில்லை.

கல்லூரி விழாக்கள் சங்கதி வேறு. ஆகஸ்டில் செயின்ட் சேவியர் கல்லூரியின் ‘மல்ஹார்’, டிசம்பரில் பவாய் ஐ.ஐ.டி.யின் ‘மூட் இண்டிகோ’ என்று பெரிய விழாக்கள் உண்டு. முன்னது 1979லும் பின்னது 1971லும் தொடங்கியவை. இவை போகச் சின்னக் கல்லூரிகளும் ஆளுக்கொரு விழா வைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பகட்டும் உண்டு, வீண் செலவும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒரே நிறச் சட்டை தைக்க வேண்டும், அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். இட்லி விற்ற காசில் அந்தச் சட்டை வாங்குவது எளிதல்ல என்று குழுத் தலைவருக்கு யார் சொல்வது? சட்டைக் காசு இல்லாமல் குழுவை விட்டு விலகிய பிள்ளைகள் வீட்டில் “பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். கல்லூரிக்கு வீட்டைப் பற்றித் தெரியாது. வீட்டுக்குக் கல்லூரியைப் பற்றித் தெரியாது. நடுவில் பிள்ளை இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

பழைய பயம்

பெற்றோரின் எதிர்ப்புக்குப் பின்னால் நேரக் கணக்கு மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. மாணவர் கூட்டம் என்றாலே கொடி, கோஷம், போலீஸ் என்று எண்ணுகிற தலைமுறை இன்னும் வீடுகளில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின்போது, ஜனவரி 27ஆம் தேதி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததைப் பத்திரிகையில் படித்த தாத்தாக்கள் பேரன் பேத்திகளைக் கல்லூரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பிழைக்க வந்த இடத்தில் நமக்கு எதற்கு வம்பு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. அந்நிய மாநிலத்தில் காலூன்றியவர்களுக்கு அந்த எண்ணம் வருவது இயற்கை.

மகாராஷ்டிரத்தில் 1990களின் தொடக்கத்தில் கல்லூரித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1994ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தபின், மதிப்பெண்ணைப் பார்த்து மாணவர் மன்றத்துக்கு ஆள் எடுக்கும் முறை வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மறுபடியும் தேர்தலுக்கு இடம் கொடுத்தது. இதற்கிடையில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு வகுத்த விதிகளை நாடு முழுவதும் கடைப்பிடிக்குமாறு 2006இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி போட்டியிடுபவருக்கு 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். அந்த ஆண்டு அரியர் இருக்கக் கூடாது. செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது. விதிகள் எங்கும் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையைத் தடுக்க நினைக்கும் தகப்பனார் இந்த விதிகளைத் தெரிந்துகொண்டு, “வருகைப் பதிவு எவ்வளவு? அரியர் உண்டா?” என்று கேட்டால் அதற்குப் பெயர் தடை அல்ல. கேட்கப்படும் பிள்ளையும் கோபித்துக்கொள்ள முடியாது.

அண்ணனுக்கு ஒரு நீதி, தங்கைக்கு ஒரு நீதி

விஷயத்தின் முள் இருப்பது இங்கேதான். மகன் ஏழு நாள் முகாமுக்குப் போக வேண்டும் என்றால், இரண்டு நாள் முணுமுணுப்புக்குப் பிறகு பையில் துணி அடுக்கப்படுகிறது. முறுக்கும் சீடையும் டப்பாவில் போகின்றன. மகள் போக வேண்டும் என்றால் ஊர்வரை போன் போகிறது. தாய்மாமன் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது. “இரவு தங்க வேண்டுமா?” என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வெளிப்படையாகச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. சொல்லப்படாத காரணம் இன்னொன்று உண்டு: அவள் ஏழு நாள் இல்லாவிட்டால் அதிகாலை அடுப்பு வேலையை யார் பார்ப்பது? அண்ணன் போனால் வீட்டில் ஒரு சத்தம் குறையும், அவ்வளவுதான். தங்கை போனால் வீடே நின்றுபோகும். இந்த இரண்டாவது காரணத்தை வாய் விட்டுச் சொல்லிவிட்டால் தீர்வு கிடைத்துவிடும். ஏழு நாளைக்கு அண்ணன் சட்னி அரைக்கலாம். சித்தப்பா மகன் தண்ணீர் பிடிக்கலாம். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பேசும்வரை இந்த யோசனைக்கே இடம் வருவதில்லை. “பொம்பளைப் பிள்ளை” என்ற ஒரு வார்த்தையில் அடுப்பு வேலை மறைந்துகொள்கிறது.

பாதுகாப்பு பற்றிய கவலை பொய் என்று யாரும் சொல்லவில்லை. இரவு நேர லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டிக்குக் காவலர் போடப்படுகிறார்கள். ரயில்வே உதவிக்கு 139 என்ற எண் உண்டு. முன்பு தனியாக இருந்த 182 பாதுகாப்பு எண் 2021இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய எண்ணை இன்னும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம். முகாமுக்கு எந்த ஆசிரியர் கூடப் போகிறார், பெண் ஆசிரியர் உண்டா, எந்தக் கிராமம், தங்குமிடம் பள்ளிக்கூடமா ஆசிரமமா என்று தகப்பனார் கல்லூரிக்கே போய்க் கேட்கலாம். கேட்கும் தகப்பனாரைக் கல்லூரி அலுவலகம் வேண்டா வெறுப்பாக நடத்தினால் அந்த முகாமுக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது.

கேட்கப் போகாமல் மறுத்துவிடும்போது என்ன நடக்கிறது? மகள் அடுத்த தடவை கேட்பதில்லை. “எக்ஸ்ட்ரா கிளாஸ்” தொடங்குவது அந்த இடத்தில்தான். சீசன் டிக்கெட் விஷயத்தையே பாருங்கள். மாணவர்களுக்குப் பாதிக் கட்டணத்தில் கிடைக்கும் சீசன் டிக்கெட், வீட்டு நிலையத்துக்கும் கல்லூரி நிலையத்துக்கும் இடையில் மட்டும் செல்லும். சயானில் குடியிருந்து மாதுங்காவில் படிக்கும் பெண் போட்டிக்காக சி.எஸ்.எம்.டி. வரை போனால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். வீட்டில் சொல்லாமல் போகிறவள் டிக்கெட் காசுக்கும் வீட்டில் கேட்க முடியாது. காசு இல்லாமல் ஏறி, டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டு, அபராதம் கட்டத் தோழியைக் கூப்பிட்டு அழுகிற காட்சிகள் தாதரில் உண்டு. வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தால் பத்து ரூபாயோடு தீர்ந்திருக்கும்.

படிக்க ஓர் இடம்

ஒத்திகையும் ஆயிற்று, உளுந்தும் கழுவியாயிற்று. பாடம் எப்போது படிப்பது? எங்கே படிப்பது? டி.வி. ஓடுகிறது. மதினியின் குழந்தை அழுகிறது. ஆச்சி ஊர்க்கதை சொல்கிறாள். கடன் கேட்டு வந்தவர் பாதி அறையை அடைத்துக்கொண்டு காபி குடிக்கிறார்.

இந்த நகரத்தின் பழைய தீர்வு ஒன்று வர்லியில் இருக்கிறது. அங்குள்ள பி.டி.டி. சால்கள் 1920களில் கட்டப்பட்டவை. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி. அந்த அறைகளில் படிக்க முடியாத பிள்ளைகள் இரவில் சுதாம் காளு அஹிரே சாலைக்கு வந்து தெரு விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தார்கள். அந்த இடத்துக்கே ‘அப்யாஸ் கல்லி’ என்று பெயர் வந்துவிட்டது. படிப்புச் சந்து என்று பொருள். தலைமுறை தலைமுறையாக அங்கே படித்து வேலைக்குப் போனவர்கள் பலர். நகரத்தில் பல இடங்களில் ‘அப்யாசிகா’ என்ற பெயரில் படிப்பு அறைகளும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகளும் அவற்றில் போய் உட்காருகிறார்கள். வட்டாரத்தில் எங்கே இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேட்டால் தெரியும். பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் சங்கங்களின் கதை வேறு. பொங்கலுக்குப் பட்டிமன்றம், தைப்பூசத்துக்கு அன்னதானம் எல்லாம் ஜோராக நடக்கின்றன. அந்த அரங்குகள் பல வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கின்றன. மாலை ஏழிலிருந்து பத்து வரை நான்கு பெஞ்சும் இரண்டு விளக்கும் போட்டுத் திறந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? மின் கட்டணம் கொஞ்சம் ஏறும், அவ்வளவே.

ஆனாலும் கூட்டமான வீட்டை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளைக்குத் தெரியாத பல வித்தைகள் இந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் மராட்டியில் வாதாடத் தெரியும். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் இடையே தூது போகத் தெரியும். இருபது பேர் சாப்பாட்டுக்கு அரிசி எவ்வளவு என்று கண்ணாலேயே அளக்கத் தெரியும். ஒரு வளைகாப்பை நடத்தி முடித்த பெண்ணுக்குக் கல்லூரி விழாவின் பந்தி வேலை பெரிய காரியமா? தெரு நாடகத்தில் தமிழ், இந்தி, மராட்டி மூன்றிலும் சட்டென்று மாறி மாறிப் பேசும் பிள்ளைகளை ஜனங்கள் கைதட்டி ரசிக்கிறார்கள் என்றால், அந்தப் பயிற்சி நடந்தது வீட்டு வாசலில்தான். கல்லூரிக்காரர்கள் அதைத் தலைமைப் பண்பு என்கிறார்கள். ஆச்சி “வாயாடி” என்கிறாள்.

தீபாவளி முறுக்கும் மே மாதப் பயணமும்

பெரிய மோதல்கள் அன்றாடம் வருவதில்லை. ஆண்டில் சில தடவைதான் வருகின்றன. அவை எப்போது வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

அக்டோபர், நவம்பரில் முதல் பருவத் தேர்வு. அதே சமயம் தீபாவளி. தாராவியில் முறுக்குத் தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான். இரவு பகலாக எண்ணெய்ச் சட்டி இறங்காது. அந்த வாரத்தில் பிள்ளை புத்தகத்தை எடுத்தால் வீட்டுக்கு நஷ்டம். எடுக்காவிட்டால் பிள்ளைக்கு நஷ்டம். ஒத்திகை, விழா, முகாம் எதையும் அந்த வாரங்களில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது பிள்ளை தரப்பில் செய்யக்கூடியது. தேர்வுக்கு முந்தின நாள் மட்டுமாவது முறுக்குப் பலகையிலிருந்து விடுதலை தருவது வீட்டார் தரப்பில் செய்யக்கூடியது. செய்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே செப்டம்பரிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

தை மாதம் 90 அடி சாலையில் வரிசையாகப் பொங்கல் பானை வைக்கும் நாளில் வீட்டுப் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டளை மாதிரி. நாட்டு நலப் பணி முகாம்கள் பல குளிர்கால விடுமுறையை ஒட்டியே வருகின்றன. தேதி ஒன்றிரண்டு நாள் இடித்தாலும் வீட்டில் பூகம்பம்தான்.

பிறகு மே மாதம் ஊருக்குப் போகும் சமாசாரம். நாகர்கோவில் எக்ஸ்பிரசில் கோடைக்கால இடம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. முன்பு 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. தேர்வுத் தேதியோ அப்போது வெளியாகியிருக்காது. தகப்பனார் குத்துமதிப்பாக ஒரு நாளுக்கு எடுத்துவிடுவார். பிறகு பார்த்தால் அதே நாளில் கடைசிப் பரீட்சை! 2024 நவம்பர் 1ஆம் தேதி முதல் முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பிரயாணிகள் பலர் அதைக் குறை சொன்னாலும், கல்லூரிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இது ஒரு வகையில் சௌகரியம். 60 நாள் முன்பு தேர்வு அட்டவணை ஓரளவு தெரிந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே நாளில் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டியதில்லை. தாயாரும் சின்னவர்களும் முன்னால் போகட்டும். மூத்தவன் நாலு நாள் கழித்து வரட்டும். கோயில் கொடைக்கு முதல் நாள் வந்து இறங்கினால் போதாதா?

சமாளித்துக்கொண்டு போகும் வீடுகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் மளிகைக் கடைக் கணக்கும் பால் கணக்கும் எழுதுவது நம் வழக்கம். அதே காலண்டரில் பிள்ளையின் தேர்வும், முகாமும், ஒத்திகை நாளும் எழுதப்படுகின்றன. வளைகாப்பும் அதிலேதான். புதன்கிழமை மாலை மகள் வர நேரமாகும் என்று ஆச்சிக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு உளுந்து கழுவுவது தம்பி. பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்லூரி எவ்வளவு கூப்பிட்டாலும் மகள் போவதில்லை. அன்று பெரிய பாத்திரங்கள் துலக்கும் நாள். “ஞாயிறு முடியாது” என்று குழுத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆரம்பத்தில் முகம் சுளித்த குழு இப்போது சனிக்கிழமையிலேயே முடித்துக்கொள்கிறது. நாடகம் மாதுங்காவில் தெருமுனையில் நடந்த அன்று இட்லிப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுத் தகப்பனார் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தார். மகள் சாராய வியாபாரி வேஷம் கட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, “சத்தம் பத்தலை” என்றார். மறுவாரம் ஒத்திகை உண்டா என்று அவரே கேட்டார்.

கல்லூரிகள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. காலை ஏழு மணி வகுப்புக்கு வரும் மாணவியை இரவு ஏழு மணி வரை நிறுத்திவைக்கும் ஒத்திகை தேவையா என்று யோசிக்கலாம். முகாம் அறிவிப்பை இரண்டு நாள் முன்பு பலகையில் ஒட்டாமல் ஒரு மாதம் முன்பே சொல்லலாம். பெற்றோர் அனுமதிப் படிவம் பல கல்லூரிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாயாரிடம் அதை நீட்டி “இங்கே கையெழுத்துப் போடு” என்று விரலால் காட்டுகிறார்கள் பிள்ளைகள். எந்த ஊர், எத்தனை நாள், எந்த ஆசிரியர், அவசரத்துக்கு எந்த எண் என்று வரிக்கு வரி தமிழில் படித்துக் காட்ட ஐந்து நிமிடம் ஆகும். கையெழுத்தைத் தமிழிலேயே போடலாம், செல்லும்.